பேட்டரி மின்சேமிப்பு நிலையங்கள்: செலவு, ஆயுள், பாதுகாப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரியஒளி மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் சேமித்து வைக்கும் பெரிய பேட்டரிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பேட்டரியின் விலை வேறு, அதில் வைத்து எடுக்கும் மின்சாரத்தின் விலை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் "இது கட்டுப்படியே ஆகாது" என்கிறார், இன்னொருவர் "இனி எல்லாவற்றுக்கும் பேட்டரியே போதும்" என்கிறார். கீழே உள்ள பதில்களில் பல அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காக எழுதியவை.

மெகாவாட், மெகாவாட்-மணி என்று இரண்டு எண்கள் சொல்கிறார்களே, எதைப் பார்ப்பது?

இரண்டையும் பார்க்க வேண்டும். மெகாவாட்-மணி என்பது தொட்டியின் கொள்ளளவு, மெகாவாட் என்பது அதிலிருந்து வரும் குழாயின் அகலம். 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி என்றால் முழு வேகத்தில் 4 மணி நேரம் மின்சாரம் கொடுக்கும். 2017-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேல் காற்றாலைப் பண்ணைக்குப் பக்கத்தில் வந்த பேட்டரி 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. அதாவது ஒன்றேகால் மணி நேரம்தான். அது கட்டப்பட்ட நோக்கமே வேறு, அதைப் பிறகு பார்ப்போம்.

செய்தியில் மெகாவாட் மட்டும் போட்டிருந்தால் அது பாதித் தகவல். விலையைச் சொல்லும்போதும் இதே சிக்கல் வரும். இந்தப் பக்கத்தில் விலை எல்லாம் ஒரு கிலோவாட்-மணி, அதாவது ஒரு யூனிட் கொள்ளளவுக்கு இத்தனை டாலர் என்ற கணக்கில் இருக்கும்.

அந்தக் கன்டெய்னருக்குள் என்னதான் இருக்கிறது?

உள்ளே அடுக்கடுக்காக லித்தியம் செல்கள். இன்று பெரிய நிலையங்களில் அதிகம் புழங்கும் செல் 314 ஆம்பியர்-மணி கொண்டது, 3.2 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1000 வாட்-மணி வரும். ஒரு செல், ஒரு யூனிட். ஐந்து கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள, அலுமினிய உறை போட்ட தட்டையான பெட்டி அது. இதுபோல் சுமார் 5000 செல்களை ஒரு 20 அடி கன்டெய்னரில் அடைத்தால் 5 மெகாவாட்-மணி. மொத்த எடை 40 டன்னைத் தொடும். அதனால் கீழே போடும் கான்கிரீட் தளத்தையும், அதை ஏற்றி வரும் சாலையையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது.

செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு வரிசையில் எது மிகவும் நலிந்த செல்லோ அதுதான் முழு வரிசையும் எவ்வளவு கொடுக்கும் என்பதைத் தீர்மானிக்கும். அது முதலில் காலியானால் மற்றவற்றில் மின்சாரம் மிச்சமிருந்தாலும் நிறுத்தியாக வேண்டும். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும், ஆங்காங்கே வெப்பநிலையையும் கண்காணித்துச் சமன்படுத்தும் மேலாண்மைச் சுற்று இதற்காகத்தான் இருக்கிறது. செல்களைக் குளிர்விக்கத் தட்டுகளுக்குள் திரவம் ஓடும். வெளியே, நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டர், டிரான்ஸ்பார்மர், எப்போது ஏற்றுவது எப்போது இறக்குவது என்று முடிவு செய்யும் மென்பொருள். விலை என்று பேசும்போது இத்தனையும் சேர்ந்ததுதான் விலை.

எந்த வகை லித்தியம்?

நிலையாக ஓர் இடத்தில் நிற்கும் பேட்டரிக்கு இன்று லித்தியம் இரும்பு பாஸ்பேட். சுருக்கமாக எல்.எஃப்.பி. இதில் கோபால்ட்டும் நிக்கலும் கிடையாது. அதனால் விலை குறைவு. சூடானாலும் சட்டென்று கொந்தளிக்காது. 6000 முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகை, அதே எடையில் அதிக மின்சாரம் வைத்திருக்கும். அது காருக்கு முக்கியம். தரையில் நிற்கும் கன்டெய்னருக்கு எடை பெரிய பிரச்சினை இல்லை.

இப்போது விலை எவ்வளவு?

2010 வாக்கில் லித்தியம் பேட்டரித் தொகுப்பு ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1000 டாலருக்கு மேல் இருந்தது. புளூம்பெர்க் நியூ எனர்ஜி ஃபைனான்ஸ் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி உலகச் சராசரி 115 டாலர். இது கார் பேட்டரியும் சேர்ந்த சராசரி, அதுவும் தொகுப்புக்கு மட்டும். இன்வெர்ட்டர் உள்ளிட்ட சாமான்களோடு முழுமையாக வந்து இறங்கும் சேமிப்பு அமைப்புக்கு அதே ஆண்டு அதே நிறுவனம் சொன்ன சராசரி 165 டாலர்.

2025 அக்டோபரில் எம்பர் என்ற ஆய்வு அமைப்பு, சீனா, அமெரிக்கா தவிர்த்த நாடுகளின் பெரிய திட்டங்களுக்கு எல்லாம் சேர்த்து 125 டாலர் என்று கணக்கிட்டது. அதில் சுமார் 75 டாலர் கருவிகளுக்கு, மீதி 50 டாலர் நிறுவுவதற்கும் மின்கட்டமைப்போடு இணைப்பதற்கும். இந்தப் பிரிவினையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். செல் விலை பாதியானால் நிலையத்தின் விலையும் பாதியாகிவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். மண் வேலை, கேபிள், டிரான்ஸ்பார்மர், கூலி எதுவும் செல் விலையைப் பார்த்துக் குறைவதில்லை. வீட்டில் வைக்கும் சிறிய பேட்டரி யூனிட்டுக்கு அதிக விலை ஆவதற்கும் இதே காரணம்: நிறுவும் செலவைப் பகிர்ந்துகொள்ள அங்கே யூனிட்டுகள் குறைவு.

ஏன் இவ்வளவு வேகமாகக் குறைந்தது?

மின்சாரக் கார்களுக்காகக் கட்டிய ஆலைகள்தான் முதல் காரணம். சேமிப்பு நிலையங்கள் அந்த உற்பத்தியின் பலனை அனுபவிக்கின்றன. அப்புறம் எல்.எஃப்.பி.க்கு மாறியது, சீனாவில் தேவைக்கு மேல் ஆலைகள் எழுந்து போட்டி கடுமையானது, 2022 இறுதியில் உச்சத்துக்குப் போன லித்தியம் விலை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. இதில் கடைசிக் காரணம் நிரந்தரமானது இல்லை. லித்தியம் விலை திரும்பவும் ஏறலாம்.

சரி, சேமித்து எடுக்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு ஆகும்?

இதுதான் முக்கியமான கேள்வி. பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முழு நிலையமும் சேர்த்து ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் 20 வருடம். வருடத்துக்கு 350 முறை ஏற்றி இறக்குகிறோம். வயதாக ஆகக் கொள்ளளவு தேயும் என்பதால் சராசரியாக 85 சதவீதம்தான் கிடைக்கும் என்று கொள்வோம். அப்படியானால் ஒரு யூனிட் கொள்ளளவு தன் ஆயுளில் தருவது 20 × 350 × 0.85, அதாவது 5950 யூனிட். 150 டாலரை அதில் வகுத்தால் 2.5 சென்ட்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பணம் சும்மா வருவதில்லை. 7 சதவீத வட்டியில் 20 வருடத் தவணையாகப் போட்டால் வருடத்துக்கு 14.16 டாலர் கட்ட வேண்டும். வருடத்துக்குக் கிடைக்கும் 297.5 யூனிட்டில் அதை வகுத்தால் 4.8 சென்ட். வட்டி 12 சதவீதம் என்றால் தவணை 20.08 டாலர், யூனிட்டுக்கு 6.7 சென்ட். பேட்டரி அதே பேட்டரி. வட்டி 12-இலிருந்து 7-க்கு இறங்குவது, பேட்டரி விலை 150 டாலரிலிருந்து 106 டாலருக்கு இறங்குவதற்குச் சமம். புதிய செல்லைக் கண்டுபிடிப்பதற்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கையாவது கடன் எப்படிக் கிடைக்கிறது என்பதற்குக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

அடுத்து, பேட்டரிக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறோம் என்பது. 7 சதவீத வட்டியிலேயே இருப்போம். வருடத்துக்கு 350 முறைக்குப் பதில் 100 முறைதான் பயன்படுகிறது என்றால் 4.8 சென்ட் 16.7 சென்ட் ஆகிவிடும். வருடத்துக்கு ஒரே ஒரு முறை, கோடையில் ஏற்றிக் குளிர்காலத்தில் இறக்குகிறோம் என்றால்? ஒரு யூனிட் 16 டாலருக்கு மேல். சென்ட் இல்லை, டாலர். பருவம் விட்டுப் பருவம் சேமிக்க லித்தியம் பேட்டரி சரிவராது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இனி மீதியைச் சேர்ப்போம். தினசரி ஓடும் பேட்டரிக்குப் பராமரிப்பு, காப்பீடு எல்லாம் யூனிட்டுக்கு ஒரு சென்ட் என்று போடுங்கள். ஏற்றும் மின்சாரம் 4 சென்ட் என்றால், 15 சதவீத இழப்பையும் சேர்த்து 4.7 சென்ட். ஆக, 4.8 + 1 + 4.7 = 10.5 சென்ட். ஆனால் எல்லா மின்சாரமும் பேட்டரி வழியாகப் போவதில்லையே. பாதி பகலிலேயே நேராக 4 சென்ட்டுக்குப் போய்விடுகிறது, பாதி மட்டும் பேட்டரிக்குள் போய் வருகிறது என்றால் சராசரி 7 சென்ட்டைச் சற்றுத் தாண்டும். சேமிப்புச் செலவைப் பற்றிப் பேசுகிறவர் 10.5-ஐச் சொல்கிறாரா 7-ஐச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டும் உண்மைதான், ஆனால் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

ஏற்றி இறக்குவதில் எவ்வளவு வீணாகும்?

மின்கட்டமைப்பிலிருந்து எடுத்துத் திரும்பக் கொடுக்கும் வரை பார்த்தால் 85 முதல் 90 சதவீதம் திரும்பும். விற்பவர்கள் சில சமயம் 95 சதவீதம் என்பார்கள். அது செல்லுக்கு மட்டும் அளந்த கணக்காக இருக்கும், இன்வெர்ட்டரும் டிரான்ஸ்பார்மரும் குளிர்விக்கும் பம்ப்புகளும் அதில் வராது. பேட்டரி சும்மா இருக்கும்போதும் குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கும். வெயில் கொளுத்தும் இடங்களில் இது சிறிய தொகை அல்ல.

பகல் சூரியனை வைத்து இரவு முழுக்க ஓட்ட முடியுமா?

வருடம் முழுக்க வெயில் அடிக்கும் இடங்களில் முடியும். 2025 ஜனவரியில் அபுதாபியில் மஸ்தார் நிறுவனம் அறிவித்த திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 24 மணி நேரமும் 1 கிகாவாட், அதாவது 1000 மெகாவாட், கொடுப்பதற்காக 5.2 கிகாவாட் சூரியத் தகடுகளும், 19 கிகாவாட்-மணி பேட்டரியும். ஒன்றுக்கு ஐந்து மடங்கு தகடு எதற்கு என்று தோன்றலாம். பகலின் சில மணி நேரத்துக்குள் பகல் தேவையையும் பார்த்துக்கொண்டு, இரவுக்கும் சேர்த்துப் பேட்டரியை நிரப்பியாக வேண்டும். மங்கலான நாளுக்கும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும்.

காற்றாலைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சூரியன் தினமும் மறைந்து தினமும் வருகிறது, பேட்டரிக்குத் தினமும் வேலை கிடைக்கிறது. காற்று ஓய்ந்தால் பல நாள் சேர்ந்தாற்போல் ஓய்ந்துவிடும். குளிர்காலத்தில் வெயிலும் இல்லாமல் காற்றும் இல்லாமல் ஒரு வாரம் போகும் வடக்கு நாடுகளில், அந்த ஒரு வாரத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

சேமித்துக் கொடுப்பது தவிர வேறு என்ன பயன்?

மின்கட்டமைப்பின் அதிர்வெண்ணைக் காப்பாற்றுவது. ஹார்ன்ஸ்டேல் பேட்டரி ஓடத் தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. 2017 டிசம்பர் 14 அன்று நள்ளிரவு தாண்டிய நேரத்தில், ஆயிரம் கிலோமீட்டர் அளவு தள்ளி விக்டோரியாவில் லாய் யாங் அனல் நிலையத்தின் ஓர் அலகு திடீரென்று நின்றது. 560 மெகாவாட் காணாமல் போனது. 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் 49.8 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது. இந்த வேலைக்கென ஒப்பந்தம் செய்திருந்த இன்னொரு அனல் நிலையம் வேகம் பிடிப்பதற்கு முன்பே பேட்டரி 7.3 மெகாவாட்டை உள்ளே செலுத்திவிட்டது. 560-க்கு முன்னால் 7.3 சின்ன எண்தான். அந்தச் சம்பவம் காட்டியது அளவை அல்ல, வேகத்தை. நீராவியும் சுழலியும் வேகம் பிடிக்க விநாடிகள் ஆகும், இன்வெர்ட்டருக்கு ஒரு விநாடியின் சிறு பகுதி போதும்.

இந்தச் சேவைக்கு நல்ல விலை கிடைக்கும். ஆனால் அந்தச் சந்தை சிறியது. நாலைந்து பேட்டரிகள் வந்தாலே விலை விழுந்துவிடும். அதன் பிறகு பிழைப்பு, மலிவான நேரத்தில் வாங்கி விலை ஏறிய நேரத்தில் விற்பதில்தான். கலிஃபோர்னியாவில் அது பெரிய அளவில் நடக்கிறது: 2024 ஏப்ரலில் ஒரு மாலை, சிறிது நேரத்துக்கு, மாநில மின்கட்டமைப்பில் மற்ற எல்லா ஆதாரங்களையும் விடப் பேட்டரிகளே அதிகம் கொடுத்தன.

எத்தனை வருடம் உழைக்கும்?

15 முதல் 20 வருடம் என்று திட்டமிடுகிறார்கள். தேய்மானம் இரண்டு வழிகளில் வரும். பயன்படுத்துவதால் ஒன்று, சும்மா காலம் போவதால் ஒன்று. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முழுக்க ஏற்றிய நிலையில், சூடான இடத்தில், தொடாமல் வைத்திருந்தாலும் பேட்டரிக்கு வயதாகும். முதல் ஓரிரு வருடத்தில் கொள்ளளவு சற்று வேகமாக இறங்கி, அப்புறம் நிதானமாகும். அதனால் தொடக்கத்திலேயே கொஞ்சம் அதிகமாக வைப்பது, அல்லது இடம் ஒதுக்கி வைத்துச் சில வருடம் கழித்துப் புதிய கன்டெய்னர்களைச் சேர்ப்பது என்று இரண்டு வழக்கங்கள் உண்டு. விலை குறைந்துகொண்டே வரும் காலத்தில் இரண்டாவது வழி மேல்.

தீப்பிடிக்குமா?

பிடிக்கும். அதை மறைத்துப் பேசுவதால் யாருக்கும் நன்மை இல்லை. 2019 ஏப்ரலில் அரிசோனாவில் ஒரு நிலையத்தில் செல்கள் சூடாகி வெளிவிட்ட வாயு மூடிய அறைக்குள் தேங்கியது. தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்த சற்று நேரத்தில் வெடித்து, பலர் காயமடைந்தார்கள். 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் 300 மெகாவாட் நிலையம் எரிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அங்கே என்.எம்.சி. செல்கள் ஒரு பழைய மின்நிலையத்தின் கட்டடத்துக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஓரிடத்தில் பிடித்த தீ எளிதாகப் பரவியது.

இன்று வரும் நிலையங்கள் திறந்த வெளியில் தனித்தனிக் கன்டெய்னர்களாக, இடைவெளி விட்டு நிற்கின்றன. வாயுவை மோப்பம் பிடிக்கும் கருவி, அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ளும் கூரைத் தகடு, ஒரு செல் எரிந்தால் பக்கத்துச் செல்லுக்குத் தாவுகிறதா என்று தீவைத்தே பார்க்கும் சோதனை எல்லாம் வந்துவிட்டன. அமெரிக்காவின் மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனமான இ.பி.ஆர்.ஐ. வைத்திருக்கும் பதிவேட்டின்படி, நிறுவிய அளவோடு ஒப்பிட்டால் விபத்து விகிதம் 2018-க்கும் 2023-க்கும் இடையே 97 சதவீதம் குறைந்தது. ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்.எஃப்.பி. என்றால் தீயே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது சூடேறினால் விடும் வாயுவில் ஹைட்ரஜன் உண்டு, மூடிய இடத்தில் அது வெடிக்கும். பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுக்காத திட்டத்தை நான் முழுமையான திட்டமாக ஏற்கமாட்டேன்.

சூரியப் பண்ணைக்குள்ளேயே வைப்பதா, தனியாக வைப்பதா?

உள்ளேயே வைத்தால் மின்கட்டமைப்பு இணைப்பையும் நிலத்தையும் பகிர்ந்துகொள்ளலாம். இன்வெர்ட்டரின் அளவைத் தாண்டி நடுப்பகலில் வீணாகும் மின்சாரத்தையும், நேர்மின்னோட்டமாகவே இணைத்திருந்தால், பிடித்து வைக்கலாம். நகரத்துக்குப் பக்கத்தில், மின்பாதை திணறும் இடத்தில் தனியாக வைத்தால் புதிய மின்பாதை போடும் செலவு தள்ளிப்போகும். இடத்தைப் பொறுத்தது.

லித்தியம் தவிர வேறு வழியே இல்லையா?

உண்டு. நீரை மேலேற்றிச் சேமிக்கும் நீர்மின் நிலையங்கள்தான் மெகாவாட்-மணிக் கணக்கில் இன்றும் உலகின் மிகப்பெரிய சேமிப்பு. மலையும் இரண்டு நீர்த்தேக்கங்களும் வேண்டும், கட்டி முடிக்க வருடக்கணக்காகும், ஆனால் பல தலைமுறை உழைக்கும். வனேடியம் திரவ பேட்டரி 2022-இல் சீனாவின் தாலியனில் 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி அளவில் வந்தது. தீப்பிடிக்காது, நீண்ட ஆயுள், விலைதான் கூடுதல். சோடியம் அயனி பேட்டரிக்கு மூலப்பொருள் எங்கும் கிடைக்கும், குளிரிலும் நன்றாக வேலை செய்யும். லித்தியம் இவ்வளவு மலிவானதால் அதனோடு போட்டியிடுவது கடினமாகியிருக்கிறது.

ஆயுள் முடிந்த பேட்டரியை என்ன செய்வது?

மறுசுழற்சி செய்யலாம். லித்தியம், செம்பு, அலுமினியம், கிராஃபைட் ஆகியவற்றை மீட்கலாம். ஆனால் எல்.எஃப்.பி.யில் விலையுயர்ந்த கோபால்ட் இல்லாததால், மீட்ட பொருளை விற்று மறுசுழற்சிச் செலவை ஈடுகட்டுவது எளிதல்ல. அதனால் அந்தச் செலவைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் விலை குறையும் வரை காத்திருக்கலாமா?

பகலில் மிஞ்சும் சூரியமின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் நிறுத்திவைத்துவிட்டு, மாலையில் டீசலோ எரிவாயுவோ எரிக்கும் இடத்தில் காத்திருப்பதற்கும் செலவு உண்டு. அங்கே இன்றே தொடங்கலாம், பகுதி பகுதியாக. மிச்சமே இல்லாத இடத்தில் முதலில் தகடுகளையும் காற்றாலைகளையும் கூட்டுவதுதான் சரியான வரிசை.

விற்பனையாளர் விலை கொடுத்துவிட்டார். என்ன கேட்பது?

அந்த விலை செல்லுக்கா, கன்டெய்னருக்கா, இணைப்பு கொடுத்து ஓடவிடும் வரைக்குமா என்று முதலில் கேளுங்கள். கொள்ளளவு என்று எழுதியிருப்பது பெயரளவிலானதா, உண்மையில் எடுக்கக்கூடியதா? திரும்பும் சதவீதத்தை எந்த இடத்தில் அளந்தார்கள்? உத்தரவாதத்தின் சிறிய எழுத்துகளை நிதானமாகப் படியுங்கள். வருடத்துக்கு எத்தனை முறை, எந்த வெப்பநிலைக்குள், சராசரியாக எவ்வளவு ஏற்றிய நிலையில் என்ற நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும். அவற்றில் ஒன்றை மீறினால் 20 வருட உத்தரவாதம் செல்லாமல் போகலாம். மென்பொருளில் சேரும் அளவீடுகள் யாருக்குச் சொந்தம் என்றும் எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் பத்தாவது வருடத்தில் கொள்ளளவு குறைந்துவிட்டது என்று நிரூபிக்க உங்களிடம் இருக்கப்போவது அந்த அளவீடுகள் மட்டும்தான்.